கடைசி ஸ்ரென்சிலில் அடித்த கட்டங்கள்

மச்சான்,

இன்று வேலை செய்யும் அச்சகத்தில் மகளுக்காகக் கட்டத்தாள் அச்சடித்தேன். இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளைக் கையிலெடுத்ததும் உன் நினைவுதான். நீ இறந்து இரண்டு வருடமாகிறது.

அந்த விளையாட்டுப் புத்தகத்தை லண்டனிலிருந்து உன் சித்தப்பா அனுப்பியிருந்தார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரராகவும் திருடராகவும் குகைக்குள் நுழைவார்கள். குகையைக் கட்டத்தாளில் வரையவேண்டும். கணக்குக் கொப்பியின் கட்டங்களில் எங்கள் வீரர்களான சட்டைப் பொத்தான்கள் நிற்க இடமில்லை. ஓரங்குலக் கட்டம் வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் கொப்பியே கிடைக்காத காலம்.

கொக்குவிலில் நீ கணிதம் படிப்பித்த தனியார் வகுப்பு ரியூட்டரியில், கையால் சுற்றிப் படியெடுக்கும் றோனியோ இயந்திரம் ஒன்று இருந்தது. பெட்டியில் இரண்டே ஸ்ரென்சில்கள், கீறிய இடத்தால் மை கசியும் மெழுகுத்தாள்கள். ஒன்றில், மை தீர்ந்த பேனையால் கோடு கீறினோம். மாட்டிச் சுற்றியதும் கோடுகள் வெட்டிய இடமெல்லாம் கிழிந்து, தாள் முழுக்க மை.

மற்றதில் திங்கட்கிழமைப் பரீட்சைத்தாள் அடிக்கவேண்டும். "சொல்லாமல் விடுவம்" என்றேன். நீ கேட்கவில்லை. மைபட்ட தாளோடு ரியூட்டரி நடத்தியவரிடம் போனாய்.

"சேர், ஒரு ஸ்ரென்சிலைப் பழுதாக்கிப்போட்டன். விளையாட்டுக்குத்தான் எடுத்தனான்."

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உந்தக் கட்டத்திலை வரைபு கீறலாமோ?"

"ஓம் சேர்."

"அப்ப மற்றதிலை மேலை கேள்வியை எழுதும், கீழை கட்டத்தைப் போடும். அதையும் கிழிச்சீரெண்டால் கேள்வியெல்லாத்தையும் நீர்தான் கரும்பலகையிலை எழுதவேணும்."

இம்முறை நீ கோடே கீறவில்லை. கட்டங்களின் மூலைகளில் மட்டும் புள்ளி குத்தினாய். கலண்டர்த் தாளில் மை காயாமல் இழுபட்டது. கூட்டுறவுச் சங்கக்கடையின் பழைய படிவங்களின் பின்பக்கமோ மையை நன்றாகக் குடித்தது. பரீட்சைத்தாள் முடிந்ததும் கேள்விப் பகுதியை மறைத்து, எங்களுக்கென்று ஒரு கட்டு அடித்தோம்.

திங்கட்கிழமை மாணவர்கள் எங்கள் குகைத் தரையில் பரவளைவு வரைந்தார்கள். நீ வாசலில் நின்று சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க உன் வீட்டு விறாந்தையில் விளையாடினோம். எங்களோடு விளையாடிய உன் அக்காவின் பொத்தான் மட்டும் ஒருநாளும் சாகவில்லை.

இடம்பெயர்ந்தபோது தாள்கள் வீட்டோடு போய்விட்டன. அதில் எனக்குப் பெரிய கவலையில்லை.

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெட்டித் தாளைப் பிழையான அளவில் வெட்டிவிட்டேன். யாரும் காணவில்லை. பிழையாக வெட்டிய தாளில் ஒன்றைக் கையிலெடுத்தேன். பிறகு நீ நடந்த மாதிரியே மேலாளரின் அறைக்கு நடந்தேன். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது நன்றாகப் பசித்தது.