பங்குனியில் இவருக்கு வந்த ஒழுக்கம்

பங்குனி 6, வெள்ளி

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில் சுள். வேப்பம்பூ உதிர ஆரம்பம். பூ சேர்க்க மரத்தடியில் பழைய வேட்டி விரிக்க வேண்டும்.

நல்ல சேதிகள் முதலில். பெரிய பேரன் மீஞ்சூர் கம்பெனியில் நிரந்தரம். சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் முதல், கோப்பை டி.வி. மேல். பேத்தி கனகா ஆயுர்வேதக் காலேஜ் மூன்றாம் வருஷம், எல்லாப் பாடமும் பாஸ். இந்தத் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் பெண். நான் அஞ்சாங்கிளாஸ். அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டோ கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கிறது. தலை வாரும்போதெல்லாம் என் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகம்.

ராத்திரி கனகா போன். “ஆயா, பனிக்காலத்துல சேந்த கபம் இப்ப வெயிலுக்கு உருகும். அதான் இருமல், மந்தம் எல்லாம். தாத்தாவப் பாத்துக்கோ.” சொன்னதைக் குறித்துக்கொண்டேன். விடியுமுன் எழுந்து நடை. தொப்பை கரையக் கொள்ளு மாவு தேய்த்துக் குளியல். வெதுவெதுப்பான தண்ணீரில் தேன், கொதிக்கிற தண்ணீரில் கூடாது. தயிர், இனிப்பு குறைவு. வேப்பம்பூ ரசம். பகல் தூக்கம் கூடவே கூடாது.

இவர் ஐப்பசியில் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். கடல் இனி வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் செய்வாரா? சந்தேகம்தான்.

பங்குனி 9, திங்கள்

செய்கிறார். அதுதான் சந்தேகம்.

மூன்று நாளாக இருட்டிலேயே எழுந்து நடை. “எங்கய்யா?” “டச்சுக்காரன் கல்லறை வரிக்கும்மே. கொயந்த சொல்லிச்சுல்ல.” தேன் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போகிறார். கல்யாணம் ஆன நாள் முதல் நான் சொன்ன ஒன்றைக் கேட்டவர் இல்லை. பேத்தி போனில் சொன்னதும் இத்தனை பணிவா?

கொள்ளு மாவு டப்பா பாதி காலி. வீட்டுக்குள் வருமுன்னே பின்பக்கம் பம்படியில் நின்று தேய்ப்பு. தொப்பை பக்கம் கை போகவில்லை. உள்ளங்கை, முழங்கை, விரலிடுக்கு, மறுபடி உள்ளங்கை. கபம் உள்ளங்கையிலா இருக்கிறது?

வேப்பம்பூ ரசம் நன்றாக வந்தது. இரண்டு முறை கேட்டு வாங்கினார். இதுவும் சந்தேகம்.

பங்குனி 10, செவ்வாய்

கண்ணாடி ஓரத்தில் கனகா போட்டோ இல்லை. பீரோவுக்கு அடியில், பாய்க்கு அடியில், எங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் தேவியின் அம்மா திருப்பாலைவனத்திலிருந்து வந்து போனாள். கண்ணாடி முன்னால் நின்று பொட்டு சரி செய்தாள். நான் பார்த்தேன். கனகா போட்டோவை வைத்து எங்கேயோ மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எனக்குத் தெரியாமல். படிப்பு முடியட்டும் என்று எத்தனை முறை சொன்னேன்.

தேவியைக் கேட்டேன். “எனக்கின்னா தெரியும் அத்த? உங்க கண்ணாடிகிட்ட நான் வர்றதே இல்ல.” ஏன் அவ்வளவு சீக்கிரம் பதில்?

உப்பு, சீரகம், கொள்ளு வாங்க வேண்டும்.

பங்குனி 12, வியாழன்

மொட்டை மாடியில் கருவாடு காயப் போட்டுக் காவலுக்கு இவரை உட்கார வைத்தேன். ஏறிப் பார்த்தால் காக்கா ஏழெட்டு உட்கார்ந்து விருந்து. இவர் சுவரில் சாய்ந்து குறட்டை. பகல் தூக்கம்! எழுப்பினால், “கண்ண மூடி மூச்சுப் பயிற்சிமே.” வாய் திறந்து என்ன மூச்சுப் பயிற்சி?

கல்லறை வரை நடக்கிறவருக்கு இத்தனை அசதி வராது. போய் வர அப்படி என்ன பெரிய தூரம்! கல்லறை கேட்டுக்கு எதிரில் குப்பம்மா இட்லிக் கடை. சாயந்தரம் அவளைக் கேட்டேன்.

“அண்ணனா? நான் பாத்து மாசமாவுது யக்கா. உள்ள பட்த்துனு கீறானே டச்சுக்காரன், அவனக் கேளு. அவன் பாத்திருப்பான்.”

சிரித்தாள். பிறகு மெதுவாக, “இந்த வயசுல எங்கனா தொடுப்பு இருக்குமோ?” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

தேன் பாட்டிலைக் கழுவும்போது மூடியில் டீசல் வாசம். அது படகு எஞ்சின் வாசம். குப்பம்மா சொன்னதாகவே இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பங்குனி 14, சனி

இவர் நடைக்குக் கிளம்பின பிறகு தூக்கமில்லை. விடிந்ததும் கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, கடல் படகுகள் கரை ஏறும் லைட்ஹவுஸ் குப்பம். தேவியிடம் மீன் வாங்க என்று சொன்னேன்.

கரையில் பெண்களோடு நின்றேன். அலை பெரிசு. படகு ஒவ்வொன்றாக வந்தது. ஏகாம்பரம் இவருக்குச் சின்ன வயசு முதல் கூட்டாளி. அவன் ஃபைபர் படகு நாலாவதாக வந்தது. முன் பக்கம் துண்டு தலைப்பாகையோடு ஒரு கிழவன். கை வலையில்.

குதித்து இறங்கினார். என்னைப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றார். கத்தக் கூடாது என்று கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாய்யா, மடவ மீனு இன்னா வெல?”

“ஓனரக் கேளும்மா” என்றார், தலையைக் குனிந்து.

ஏகாம்பரம் படகுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தான். பக்கத்தில் ஒருத்தி, “இன்னா யக்கா, உம்மூட்டுக்காரர்கிட்டயே பேரமா?”

“யாரு இவரா? எங்க வூட்டுக்காரரு டச்சுக்காரன் கல்லறைல வாக்கிங் போயிருக்காரு.”

கரையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஆட்டோவில் வந்தோம். நேராகப் பம்படிக்குப் போனார். கை பழக்கத்தில் கொள்ளு மாவு டப்பாவைத் திறந்தார். “மீன் வாசத்த இன்னும் எதுக்குய்யா மறைக்கற?” என்றேன். மூடி வைத்துவிட்டார்.

ஈரச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் பிளாஸ்டிக் கவர், ஓரம் கிழிசல். உள்ளே கனகா. வெள்ளைக் கோட்டு பாதி உரிந்து, ஒரு கண் இல்லை. பின்னால் பேனாவில் இவர் பேர், ஊர், தேவியின் போன் நம்பர்.

“இது எதுக்குய்யா?”

“எனக்கு ஒண்ணு ஆச்சுனா, எந்தக் குப்பத்துல ஒதுங்குனாலும் யாரு வூடுனு தெரியணும்ல.”

“அதுக்குத் துண்டுச் சீட்டு போதாதா?”

“சீட்ட எவன் பாப்பான்? டாக்டரம்மா படம்னா கீழ போடமாட்டான்மே.”

சட்டையை அலசி உதறிக் கொடியில் போட்டேன். வேறு என்ன செய்ய.

மடவைக் குழம்பு. தேவிக்கு இரண்டு துண்டு அதிகம் போட்டேன். ஏன் என்று பார்த்தாள்.

பங்குனி 15, ஞாயிறு

நடை இல்லை. தேன் தண்ணீர் குடிக்கவில்லை. இருட்டில் எழுந்து வாசலில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தார். நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

சாயந்தரம் பேச்சு. கடல் கிடையாது, என் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அலையில்லாத ஏரி மட்டும். அதுவும் நாளைக்கு டாக்டரிடம் காட்டி அவர் சரி என்றால். வலை இழுக்கக் கூடாது, சும்மா உட்கார்ந்து வரலாம். ஏகாம்பரத்தை வரவழைத்து அவனையும் சத்தியம் பண்ண வைத்தேன். “அண்ணி, வலைய நான் தொட உடமாட்டேன்” என்றான். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. உள்ளங்கையைத் தினமும் முகர்ந்து பார்ப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பங்குனி 16, திங்கள்

மேகம். டாக்டர் பார்த்தார். மாத்திரை மாற்றினார். ஏரியில் சும்மா போய் வரலாம், பளு கூடாது என்றார். இவர் முகம் சின்னப் பிள்ளை மாதிரி.

கொள்ளு ஒரு படி வறுத்து அரைத்தேன். இனி தொப்பைக்கு. நானே தேய்ப்பேன்.

கனகாவுக்கு இன்றே எழுத வேண்டியது: பேத்தியே, கண்ணாடி ஓரத்துப் போட்டோ தண்ணீர் பட்டு வீணாகிவிட்டது. வெள்ளைக் கோட்டில் புதிதாக எடுத்துத் தபாலில் போடு. போனில் வேண்டாம். இரண்டாகப் போடு. ஒன்றை லேமினேஷன் பண்ணி அனுப்பு, எதற்கு என்று கேட்காதே.