தாய்மாமன் என்று பெயர் வாங்கிய இன்ஜின்

என் ஆசை அண்ணனுக்கு,

உன் வண்டி இப்போது என் மகன் குமாரிடம் இருக்கிறது. "மாமா வண்டிய மருமவனே ஓட்டட்டும்" என்று உன் காரியம் முடிந்ததும் அண்ணிதான் சாவியைக் கொடுத்தாங்க. கடலூரில் உன் டாக்சி ஸ்டாண்டு ஆட்கள் இன்னும் பானெட்டைத் தட்டி, "என்னா, தாய்மாமன் எழுந்துட்டாரா?" என்று கேட்கிறார்களாம்.

போன வாரம் மெக்கானிக், இந்தப் பழைய டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு போடலாம் என்றிருக்கிறார். குமார் எனக்குப் போன் செய்தான். "ஏம்மா, இதுக்கு யாரும்மா தாய்மாமன்னு பேர் வெச்சது? சாவியத் திருப்பினா ஹீட்டர் சூடாவுற வரைக்கும் ஸ்டார்ட் ஆவாம காக்க வெக்கிது, காதுகுத்துல தாய்மாமனுக்குக் காத்திருக்கிற மாதிரி, அதனாலன்னு ஸ்டாண்டுல சொல்றாங்க."

அப்படித்தான் நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். அடப் பாவி அண்ணா, நாங்கள் காத்திருக்கவே இல்லையே!

என் மூத்தவள் செல்விக்குச் சிதம்பரம் கோயிலில் காது குத்திய நாள். சீர்த்தட்டோடு கிளம்பிய உன் வண்டி புதுச்சத்திரத்தில் நின்றுவிட்டது. செல்போன் இல்லாத காலம், எங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல நேரம் முடியப் போகிறதென்று என் மாமியார் குதித்தார். "தாய்மாமன் வரலன்னா என்னா, எங்க ஊட்டுல ஆம்பளைங்க இல்லியா?" என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். நான்தான் இடுப்பிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது காதும் குத்தி முடித்தபோது நீ வந்தாய். வேட்டியெல்லாம் ஆயில். கையில் தட்டு, அதில் நீ வாங்கிய கம்மல்.

எல்லோரும் உன் முகத்தையே பார்த்தோம். நீ சிரித்தாய். "நான் என்னா பண்றது? வண்டிக்குள்ள இன்னொரு தாய்மாமன் குந்திக்கினு இருக்கான். வெத்தல பாக்கு வெச்சு அழைச்சாதான் கெளம்புவேங்கிறான்!" கூட்டமே சிரித்தது, என் மாமியார் உட்பட. இன்ஜினுக்குப் பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

நானும் சிரித்தேன். சண்டை வராமல் தப்பித்தோமே என்று சிரித்தேன். நீ பந்திக்கு வராமல் குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாய். ஆயில் போகவில்லை என்றாய். ஆயில்தானா அண்ணா?

பிறகு குமாருக்கு நீதான் மடி கொடுத்தாய். ஆனாலும் முதல் பிள்ளைக்கான மடி போனது போனதுதான். அன்றைக்கு உனக்கு வருத்தமா இருந்துச்சா என்று ஒரு தடவைகூடக் கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் செல்வியின் மகளுக்கு அதே கோயிலில் காதுகுத்து. இப்போது குமார்தான் தாய்மாமன். "இன்ஜின மாத்திட்டா கரெக்டா வந்துடுவேம்மா" என்றான்.

"மாத்தாதடா. மாமா வண்டியிலயே அப்படியே வா."

"வழியில நின்னுட்டா?"

"நிக்கட்டும்."

அண்ணா, உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். நல்ல நேரம் போனால் போகட்டும். சம்மந்தி வீட்டார் முறைத்தால் முறைக்கட்டும். கோயில் வாசலில் உன் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் பாப்பாவை என் இடுப்பை விட்டு இறக்க மாட்டேன். இந்தத் தடவை காத்திருப்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
விஜயா