தலைவர் வீட்டுப் பின்புறம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

நாம் இருவரும் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்த சதுப்பு இந்த வருஷம் நிறைந்து கிடக்கிறது. நாணலுக்குள் நீர்க்கோழிகள் கூடு கட்டுகின்றன. மருந்துக்கடைக்காரர் மட்டும் தன் வேலியை நாலடி சதுப்புக்குள் தள்ளிப் போட்டிருந்தார். அறக்கட்டளைத் தலைவர் நான், விடுவேனா? வருஷாந்திர எல்லைச் சுற்றின்போது எல்லோர் முன்னாலும் பிடுங்க வைத்தேன். மனிதர் முகம் சுண்டிப்போனது. வழக்கம்போல நம் வீட்டு வாசற்படியில் தேநீரோடு சுற்றை முடித்துக்கொண்டோம்.

மருமகளின் புதுக் காருக்காக வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையோடு ஒரு கொட்டகை போட்டேன். படம் வைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது, சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் வலிக்கிறது, வேறென்ன. கார் அழகு. கொட்டகையும் அழகுதான். ஆனால் நம் எல்லை அப்பா நட்ட மரத்தோடு முடிகிறதே? படத்தில் மரம் கொட்டகைக்கு இந்தப் பக்கம், வீட்டை ஒட்டி நிற்கிறது. வயதானாலும் எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. அந்தத் தரை யார் இடத்தில் இருக்கிறது?

சுற்று எப்போதும் உன் வாசற்படியில் முடிகிறது என்றால், உன் வீட்டுப் பின்புறத்தை யாருமே நடந்து பார்ப்பதில்லை. இத்தனை வருஷம் எனக்கும் இது உறைக்கவில்லை. வேலியையும் பயிரையும் பற்றி ஒரு பழமொழி உண்டு. அதை உனக்கு எழுத என் கை வரவில்லை.

என் பங்கை விற்றிருந்தால் இந்த வயதில் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டேன். நீ காவல் இருப்பாய் என்று நம்பித்தான் கொடுத்தேன்.

உன் அக்கா


மார்ச் 11

அக்கா,

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் 'எட்டடிதானே' என்று இருந்தது. மருந்துக்கடைக்காரரை நாலடிக்குத் தலைகுனிய வைத்தவன் நான்.

தெரியாமல் செய்யவில்லை. "சார், மரத்துக்கு அந்தப் பக்கம் போகலாமா?" என்று மேஸ்திரி கேட்டார். "போங்க, எல்லாம் நம்ம இடம்தான்" என்றேன். தரைக்காக வெட்டிய நாணலில் ஒரு கூடு இருந்தது, முட்டைகளோடு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நீர்க்கோழிகள் கூடு கட்டுகின்றன என்று உனக்கு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்களைக் கூப்பிட்டு, பின்புறம் வந்து பாருங்கள் என்றேன். ஒருவரும் படியை விட்டு இறங்கவில்லை. "விடுங்க சார், உங்களைப் போய் நாங்க சோதனை போடுறதா?" என்றார் பள்ளி ஆசிரியை. மருந்துக்கடைக்காரர்தான் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "எல்லைச் சுற்று அன்னிக்கே பார்த்தேன் சார். உங்க வீட்டு டீயைக் கையில வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. யாராவது வணக்கம் சொன்னால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கொட்டகையைப் பிரித்து, தரையை உடைத்துவிட்டேன். கார் தெருவில் நிற்கிறது, மருமகள் என்னோடு பேசுவதில்லை. உறுப்பினர்களோ நானே தலைவராக இருக்கவேண்டும் என்கிறார்கள். நிலம் கொடுத்தவள் என்று உன்னையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி தெருவில் தலைநிமிர்ந்து நடப்பேன்.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அவர்கள் கடிதமும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் அவர்களுக்குப் பதில் போட்டேன். நீ தலைவராக வேண்டாம் என்று எழுதினேன்.

கோபத்தில் எழுதவில்லை. நீ அந்த நாற்காலியில் இருக்கும்வரை அவர்கள் படியை விட்டு இறங்க மாட்டார்கள். மருந்துக்கடைக்காரரைத் தலைவராகப் போடச் சொல்லியிருக்கிறேன். முகம் சுண்டியும் வேலியைப் பிடுங்கியவர் அவர்.

உன் அக்காவைக் கேட்டிருந்தால் 'என் தம்பி தங்கம், அவனே இருக்கட்டும்' என்றுதான் சொல்லியிருப்பேன். அவர்கள் நிலம் கொடுத்தவளைக் கேட்டார்கள்.

தபாலில் போட்டுவிட்டு வந்து அழுதேன். உனக்கு இன்னும் கொஞ்சநாள் வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அடுத்த எல்லைச் சுற்றுக்கு வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன். அன்றைக்கு நாம் இருவரும் எல்லோருக்கும் பின்னால் நடப்போம்.

உன் அக்கா