கண்ணமங்கலத்தில் நின்ற வண்டி

ஆரணி,
1-2-1979

அன்புள்ள ரத்னாவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே யாவரும் நலம். நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

உன் தங்கை ஜினமதிக்கு மார்ச் பதினொன்றாம் தேதி முகூர்த்தம். களம்பூர்ச் சம்பந்தி இனித் தள்ளிவைக்கச் சம்மதிக்கமாட்டார். உன் பிரசவத்துக்கு நாக்பூர் வந்த இடத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். உட்காரவே முடியாதவளை அத்தனை தூரம் ரயிலில் கொண்டுவருவது நடக்காது. தாரை வார்க்க உன் சித்தப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

இப்படிக்கு,
சுமதிராஜ்


நாக்பூர்,
10-2-1979

அன்புள்ள அப்பாவுக்கு ரத்னாவின் வணக்கம்.

பக்குவமாகத்தான் சொன்னேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை, "நான் பெத்த பொண்ணுக்கு இன்னொருத்தி தாரை வார்க்கிறதா? தண்ணி ஊத்த கை போதும்டி, இடுப்பு எதுக்கு? படுத்துகினே வரேன்னு உங்கப்பாவுக்கு எழுது" என்றாள்.

இவருடைய பட்டறையில் நடமாடும் நூலகமாக ஓடிய பழைய வேன் ஒன்று நின்றிருந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, புத்தகத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, பின்கதவு வழியாக வெளியே இழுக்கிற மாதிரி ஒரு கட்டில் போட்டிருக்கிறார். மூலையில் ஸ்டவ், தண்ணீர் டிரம், நம் சமண வழக்கப்படி அதற்கு வடிகட்டும் துணி. டாக்டரே வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தார். படுத்தபடியே போவதானால் போகலாம் என்றார். இவர் ஓட்டுகிறார். பக்கத்து வீட்டுப் போளூர்க்காரி கெங்கம்மாள் துணைக்கு வருகிறாள். கைக்குழந்தையோடு நான் வர முடியாது. அதுதான் குறை.

உங்கள் மகள்,
ரத்னா


ஆரணி,
19-2-1979

அன்புள்ள ரத்னாவுக்கு,

வேனுக்குள் மாப்பிள்ளை வீடு கட்டிய கதையைக் கேட்டுத் தெருவே சிரிக்கிறது. நாக்பூருக்கு அரிசி ஏற்றிப் போகும் களம்பூர் அருணாச்சலத்தைக் கேட்டேன். "மூணு நாளுங்க நயினாரே. ஆறாந்தேதி எடுத்தா ஒம்பதாந்தேதி ஆரணி" என்றான். அப்படியே புறப்படட்டும். மேளத்தோடு வேலூர் ரோட்டில் நிற்கிறேன். முகூர்த்தத்துக்குள் வராவிட்டால் சித்திதான். அதில் மாற்றமில்லை.

சுமதிராஜ்


ஆரணி,
10-3-1979, மாலை

ரத்னாவுக்கு,

ஆறாம் தேதி புறப்பட்டதாக உன் தந்தி கண்டேன். நேற்றும் இன்றும் ரோட்டில் நின்றேன். வண்டி வரவில்லை. மேளக்காரர் சுப்பராயலு, "இன்னாங்க நயினாரே, வர்ற பஸ்ஸுக்கெல்லாம் வாசிச்சிகினு இருக்கோம். கண்டக்டருங்க பேஜாராயிட்டாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தச் சாலையில் என்ன ஆயிற்றோ. ஜினமதி காலையிலிருந்து சாப்பிடவில்லை. சித்தியைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டேன். ஏதாவது தெரிந்தால் உடனே தந்தி கொடு.

அப்பா


ஆரணி,
14-3-1979

அன்புள்ள ரத்னாவுக்கு,

என் தந்தி கிடைத்திருக்கும். விவரம் இது. கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு வாசலில் ஹாரன் கேட்டது. முந்தின நாள் நான் ரோட்டில் நின்று தவித்தபோது, வண்டி கண்ணமங்கலத்தில் நின்றிருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஏன் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். பதில் வண்டிக்குள்ளேயிருந்து அம்மாவின் குரலில் வந்தது.

"பொழுது சாஞ்சா லைட்டு போடணும். லைட்டுக்குப் பூச்சிங்க வந்து கண்ணாடியில மோதி சாவும். கல்யாணத்துக்குப் போற வண்டி அத்தனை உசுரைக் கொன்னுகினா போவும்?"

நாக்பூரிலிருந்து புறப்பட்ட நாள் முதல் தினமும் இதே உத்தரவாம். பொழுதோடு நிறுத்திப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, விடிந்த பிறகுதான் வண்டி கிளம்புமாம். ராத்திரியெல்லாம் ஓட்டுகிற அருணாச்சலத்திடம் கணக்குக் கேட்ட நான், முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளைக் கேட்காமல் போனேன். வழியெல்லாம் புரசு பூத்துக் காடே சிவந்திருந்ததாம். கிருஷ்ணா ஆற்றங்கரையில் கதவைத் திறந்துவைத்து, படுத்தபடியே உப்புமா சாப்பிட்டாளாம். "ராணி மாதிரி வந்தேன், நீங்கதான் பார்க்கல" என்கிறாள்.

வேன் பந்தலைவிட உயரம். பந்தலின் முன்கால்கள் இரண்டையும் நானே பிடுங்கினேன். கீற்று விழாமல் முள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள் கழியால் உயரத் தூக்கிப் பிடித்தார்கள். மாப்பிள்ளை பின்பக்கமாக மணமேடை வரை வண்டியைக் கொண்டுவந்து கட்டிலை இழுத்தார். சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். சித்தி சொம்பை அம்மாவிடம் கொடுத்து, "வந்தீங்களே அக்கா! எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சு" என்றாள். சுப்பராயலு இரண்டு நாள் கோபத்தையும் சேர்த்து வாசித்தார்.

சொம்பை நாங்கள் இருவரும் சேர்ந்து பிடித்தோம். தண்ணீர் மெல்லிய கோடாக ஜினமதியின் கைமேல் விழுந்தது. தண்ணீர் ஊற்றக் கை போதும் என்று அம்மா சொன்னது சரிதான்.

அன்புடன்,
அப்பா