செல்லாயி முடிந்து வைத்த அரிசி

செப்டம்பர் 14, 1943

பள்ளிக்கூடத்தை மூடியதுதான் மூடினார்கள், இன்று பெஞ்சுகளையும் உடைத்து ஜப்பான்காரன் முகாமுக்கு விறகாகக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார், "பள்ளிக்கூடக் கொட்டகையில மரவள்ளிக்கெழங்கு சேத்து வைக்கணுமாம் டீச்சர். நான் என்ன செய்ய முடியும் லா" என்றார். பிள்ளைகள் எல்லாம் கிழங்கு நடுகிறார்கள். எனக்குக் களை பிடுங்கும் வேலை.

செப்டம்பர் 29

செல்லாயி வந்தாள். புருஷன் மணியத்தை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிப் போனதிலிருந்து தனியாகப் பிள்ளையோடு திண்டாடுகிறவள். விஜயதசமிக்கு மகள் இராசாத்திக்கு நான்தான் முதல் எழுத்து எழுதிவைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடமே இல்லை, எதற்கடி என்றேன். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி வேறு.

"இருக்கட்டும் டீச்சர். அவங்கப்பா லாரியில ஏறும்போது சொன்னது அது ஒண்ணுதான்."

அரிசிக்கு எங்கே போவது? இந்தப் பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் யாரும் அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிறது. மணலில் எழுதலாம் என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு கைப்பிடி.

அக்டோபர் 9

எழுதியாயிற்று. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, இராசாத்தியின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். சுழிக்கும் இடத்தில் விரல் நழுவி நழுவிப் போனது. வெட்கப்பட்டுச் சிரித்தாள். நாளைக்கு ஆவன்னா என்றேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்ட மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன்.

செல்லாயிக்குக் கால் வீங்கியிருக்கிறது. கிழங்கையே தின்றால் வேறென்ன வரும்? எழுதிய அரிசியைப் பொங்கித் தின்பதுதானே உங்கள் வழக்கம், கஞ்சியாவது காய்ச்சிக் குடி என்றேன்.

"அவரு வரட்டும் டீச்சர். மூணு பேருமா பொங்கிக்கலாம்."

திரும்பவும் முடிந்துகொண்டாள்.

அக்டோபர் 11

களை. மழை. ஆவன்னா எழுதவில்லை.

அக்டோபர் 20

வீக்கம் முகத்துக்கு ஏறிவிட்டது. அந்த அரிசியைக் காய்ச்சிக் குடியடி என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கேட்டால்தானே, பைத்தியக்காரி. மணியம் எங்க வரப்போறான்? போனவங்கள்ல எவன் வந்தான்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். சொல்லியிருக்கணுமோ?

அக்டோபர் 24

செல்லாயி போய்விட்டாள்.

வாய்க்கரிசி போட லயத்தில் ஒரு வீட்டிலும் அரிசி இல்லை. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாக்கா அந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதே தாம்பாளத்தில் கொட்டிப் பிள்ளையிடம் நீட்டினார்.

இராசாத்தி அள்ளவில்லை. தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்து, உட்கார்ந்து, விரலால் 'அ' எழுதினாள். யாரும் பிடிக்காமலே சுழி சரியாக வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆவன்னா எப்ப டீச்சர்?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து அரிசியை அள்ளவைத்தேன்.