சுகன்யாவின் உதவித்தொகையில் கை வச்ச ஆளு

பூண்டி

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு அம்மா லீலா எழுதுறது. முருகன் புண்ணியத்துல நாங்க மூணு பேரும் சொகமா இருக்கோம், நீயும் மஸ்கட் வெயில்ல ஒடம்பக் கெடுத்துக்காம நல்லா இருக்கணும். இங்க பனி கடுமையா எறங்குது, அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்ல, ஆனாலும் வெள்ளனே எந்திரிச்சு பூண்டுக் காட்டுக்குப் போயிர்றாரு. போன்ல சொன்னா நீ குறுக்க பேசி என்னை அடக்கிருவ, அதான் எழுதுறேன்.

ஒன் தங்கச்சி சுகன்யாவோட இந்த வருசப் படிப்புக்கு கொடைக்கானல் டிரஸ்ட்டுல இருந்து காலேஜுக்கு உதவித்தொகை வந்துச்சுல்ல, அதை காலேஜ் ஆபீஸ்ல இருக்க சுவாமிநாதன் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம போன வருச பாக்கிக்கு எடுத்துக்கிட்டான். பூண்டு வெல விழுந்ததுல நின்ன பாக்கி அது, அறுவடை முடிஞ்சதும் கட்டுறோம்னு பிரின்சிபால்கிட்ட தவணை வாங்கித்தான் வச்சிருந்தோம். எடுத்ததும் பத்தாதுன்னு, இந்த வருசப் பீஸ் கட்டலன்னு சொல்லி பரீட்சை அன்னைக்கு அவளை மட்டும் வெளிய நிறுத்திட்டான். கூடப் படிக்கிற பிள்ளைக பாக்க, பூண்டு தரம் பிரிக்கிற கைக்குப் பரீட்சை எதுக்குன்னு சிரிச்சிருக்கான். வீட்டுக்கு வந்த பிள்ளை பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தா.

அப்பா விட்டுருவோம்னாரு. நான் விடல. சுகன்யாவக் கூட்டிக்கிட்டு மொத பஸ்ஸப் பிடிச்சு டிரஸ்ட்டுக்குப் போயி சண்முகசுந்தரி மேடத்தைப் பாத்தேன். இந்த வருசத்துக்குக் குடுத்த பணத்தை இந்த வருசச் செலவுக்குத்தான் எடுக்கணும், பழைய பாக்கிக்குத் திருப்பணும்னா பிள்ளை சம்மதிச்சு கையெழுத்துப் போடணும், எங்க விதி அது, காலேஜும் ஒத்துக்கிட்டதுதான்னு சொல்லி எங்களக் கார்ல ஏத்திக்கிட்டு நேரா பிரின்சிபால்கிட்ட வந்துட்டாங்க. அங்க அந்த சுவாமிநாதன், சுகன்யா வாயால சம்மதம் சொன்னான்னு புளுகுனான். இவ அவன் மூஞ்சிக்கு நேராப் பாத்து, எப்ப சார் சொன்னேன், நீங்க சிரிச்சீங்களே அப்பவான்னு கேட்டா பாரு, எனக்கு நெஞ்சு குளுந்துச்சு. பணத்தை இந்த வருசத்துக்கே மாத்திட்டாங்க, விட்டுப்போன பரீட்சையவும் எழுத வச்சுட்டாங்க.

அதோட போச்சுன்னு நெனச்சிருப்பான். நான் அவன் மேல பிரின்சிபால்கிட்ட புகார் எழுதிக் குடுத்துட்டேன். போன ஞாயித்துக்கிழமை காட்டுக்கே வந்துட்டான். வேலை போயிரும், வாபஸ் வாங்குங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டான். கொட்டாய்க்குள்ள கூப்பிடல, தூறல்லயே நிக்க வச்சேன். கூடப் படிக்கிற அந்தப் பிள்ளைக முன்னாடி சுகன்யாகிட்ட மன்னிப்புக் கேளு, வாபஸ் வாங்கிக்கிறேன்னேன். ஒரு பொடிப்பிள்ளைகிட்டயான்னு மொறச்சுப் பாத்துட்டு எறங்கிப் போயிட்டான். அந்த வீம்புக்கு வேலை போறதுன்னா போகட்டும், எனக்கு ஒரு சொட்டு எரக்கம் வரல.

புதன்கிழமை விசாரணை, நான் போறேன், சுகன்யாவும் வர்றா. பாவம் விட்டுரும்மான்னு மட்டும் போன் போட்றாத. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. பழனியாண்டவன் ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
ஒன் அம்மா
லீலா