ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சனல்

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
வைகாசி 12

அன்புள்ள தம்பி அருந்தவனுக்கு,

“அக்கா, உன்ர மகள் எந்தச் சனலில வாறாள்?” என்று மாசியில் நீ கேட்டாய். அமெரிக்கச் சனலின் பெயரையும், வியாழக்கிழமை இரவு அதில் வரும் தொடர் நாடகத்தையும் சொன்னேன். இடைவேளையில் மூட்டுவலி மருந்து விளம்பரம் ஒன்று வரும், அதில் குசினியில் நின்று போத்தல் மூடி திறப்பவள் அக்ஷரா என்றும் சொன்னேன். இப்போது நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை ரொறொன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கும் உன் வீட்டுக்குச் சனத்தைக் கூப்பிட்டு, மட்டன் றோல் பொரித்துக் கொடுத்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தினாய். அக்ஷரா வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் உனக்கு வெட்கமாகப் போயிருக்கும். அது எனக்கு விளங்குகிறது. அவள் அனுப்பிய வீடியோவையும், “இப்ப கொம்பியூட்டரில எதையும் செய்யலாம்” என்று தள்ளிவிட்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில், “நடிக்கிறன் எண்டு நியூயோர்க் போனவள், அங்க என்ன தொழில் செய்யிறாளோ ஆருக்குத் தெரியும்” என்றாயாம்.

அந்தக் கதை இங்கே வந்து சேர அதிக நாள் எடுக்கவில்லை. இடியப்பம் வாங்கப் போன கடையில் இரத்தினசிங்கத்தின் மனைவி, “ரீச்சர், பிள்ளை அங்க உண்மையா என்ன செய்யிறா?” என்று கேட்டா. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். அன்று இடியப்பப் பையை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

பிறகுதான், அக்ஷரா வராத அன்று இரவு நீ போன் எடுத்து என்னை ஏசியபோது சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. “வந்த விளம்பரமெல்லாம் ரொறொன்ரோ கார்க் கடையும் கனடா வங்கியும்தான்” என்றாய். அமெரிக்கச் சனல் ஏன் ரொறொன்ரோ கார்க் கடைக்கு விளம்பரம் போடுகிறது? தேடிப் படித்தேன். அதே நாடகத்தை அதே நேரத்தில் ஒரு கனடாச் சனலும் காட்டினால், அது கேட்டுக்கொண்டால், கேபிள்காரர் அமெரிக்கச் சனலின் இடத்திலும் கனடாச் சனலையே, அதன் விளம்பரங்களோடு ஓடவிட வேண்டும். உங்கள் நாட்டு விதி அது. பாடசாலை நாடகத்தை யோசித்துப் பார். நாடகம் எந்த ஊரிலும் ஒன்றுதான். மேடைத் திரையில் ‘உபயம்’ என்று எழுதியிருக்கும் கடைப் பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும். உனக்கு விழுந்தது வேறு திரை.

விதியில் நான் குறை சொல்லமாட்டேன். பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் சனல்கள் பிழைக்க வழி பார்க்கிறார்கள். ஆனால், ஒரு பெண்பிள்ளையைப் பற்றி வாய் திறக்க முதல், கார்க் கடை ஏன் வந்தது என்று நீ ஒருதரம் யோசித்திருக்கலாம். “அமெரிக்கா எங்கட வாசல்ல” என்று பெருமை பேசுகிறவன் நீ.

ஆவணியில் அக்ஷராவுக்குக் கலியாணம். அப்பா இல்லாத பிள்ளை. நீயும் மச்சாளும்தான் அவளைத் தாரை வார்த்துக் கொடுப்பீர்கள் என்று அவளுடைய அப்பாவின் செத்த வீட்டில் நீயே சொன்னாய். இப்போது அவள், “விக்னராஜா அங்கிளும் அன்ரியும் செய்யட்டும் அம்மா” என்கிறாள். அவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர்கள். ஆனாலும் நான் இன்னும் அவர்களிடம் கேட்கவில்லை. அவள் அழவுமில்லை, உன்னை ஏசவுமில்லை. “மாமா என்னை ஒருக்காப் பார்க்கட்டும். பிறகு எனக்குப் போன் எடுக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள். அந்த விளம்பரம் ஆனி முடியும் வரை ஓடுமாம்.

நீயும் மச்சாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோபத்தோடும் தினமும் கும்பிடுகிறேன். அந்தக் கலியாண வீட்டில் இருந்தவர்களுக்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதை உன்னிடமே விடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கூரையில் ஏறி நின்று, அன்ரெனாவைத் திருப்பித் திருப்பி இந்தியாவைப் பிடித்தவன் நீ. உன் பல்கனிக்கு நேரே ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. ஆகாயத்தால் நேரே வருவதைக் கேபிள்காரர் மாற்ற முடியாது.

இப்படிக்கு,
உன் அக்கா
இரஞ்சிதம்

வியாழக்கிழமை கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன அன்ரெனா வாங்கிப் பூட்டி, ஏரிப் பக்கம் திருப்பிப் பார்.